கூரையைப் பிரித்து இறக்கிய நாலு பேர்: வைத்தியத்துக்கு அலையும் விசுவாசக் குடும்பங்களுக்கு

உங்கள் வீட்டில் ஒருவருக்குப் பெரிய வியாதி என்று இப்போதுதான் தெரிய வந்திருக்கிறது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, பணத்துக்கு யாரைக் கேட்பது என்று ஒன்றும் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அப்படித் திகைத்து நிற்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான் சொல்லும் நடைமுறைகள் தமிழ்நாட்டுக்கு உரியவை.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம். அம்மா தன் மார்பில் கட்டி இருப்பதை ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு ஜெப எண்ணெய் தடவி, முழங்காலில் நின்று அழுதிருக்கிறாள். தெரிந்தபோது நான் கோபப்பட்டேன். "ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன், உங்ககிட்ட சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்னு இருந்தேன்" என்றாள். அந்த ஐந்து மாதத்தை எங்களால் திரும்ப வாங்க முடியவில்லை. அதன்பிறகு வந்த அலைச்சலில் நாங்கள் தட்டித் தடவிக் கற்றதைத்தான் கீழே சொல்கிறேன்.

முதல் நாளே இரண்டையும் செய்யுங்கள்

ஜெபம் பண்ணுங்கள். அதே நாளில் ஆஸ்பத்திரியில் சீட்டும் போடுங்கள். "முதலில் மூன்று நாள் உபவாசம் இருந்து பார்ப்போம், அப்புறம் டாக்டரிடம் போகலாம்" என்று தள்ளாதீர்கள். உபவாசம் மற்றவர்கள் இருக்கட்டும், நோயாளி சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.

வைத்தியரிடம் போவது அவிசுவாசமோ என்ற உறுத்தல் நம்மில் பலருக்கு உண்டு. வேதத்தைத் திறந்து பாருங்கள். சாகக் கிடந்த எசேக்கியா ராஜா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தான், ஆண்டவர் ஆயுசில் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். அந்த வாக்குத்தத்தத்தைக் கொண்டுவந்த ஏசாயாவே, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப் போடச் சொன்னார். வாக்கும் மருந்தும் ஒரே வாயிலிருந்துதான் வந்தன. பவுலோடு கூடவே நடந்த லூக்காவைக் கொலோசெயர் நிருபம் "பிரியமான வைத்தியன்" என்கிறது. கத்தோலிக்கர் வேதாகமத்தில் இருக்கும் சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்லித்தான் தொடங்குகிறது. நோயுற்றபோது ஆண்டவரிடம் மன்றாடு, மருத்துவருக்கும் இடம் கொடு என்று அடுத்தடுத்துச் சொல்கிறது. அம்மாவுக்கு இந்தப் பகுதிகளை யாராவது அந்த ஐந்து மாதத்தில் வாசித்துக் காட்டியிருக்கலாம்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென்று வாய் கோணுவது, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது, நிற்காத இரத்தப்போக்கு, பிரசவ வலியில் ஏதாவது சிக்கல் என்றால் இந்தக் கட்டுரையைக்கூட வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஜெபத்தை வண்டியில் செய்துகொள்ளலாம்.

தனியாகப் போகாதீர்கள்

மாற்கு 2-ஆம் அதிகாரத்துத் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்தார்கள். வாசலில் கூட்டம். அவர்கள் திரும்பிப் போகவில்லை, கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்கினார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் அதுவரை வாய் திறந்ததாக எழுதியில்லை. மேலே ஏறிக் கூரையைப் பிரித்தவர்களின் கையிலும் தோளிலும்தான் அந்த விசுவாசம் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை வாசித்தபோதுதான் எனக்கு இது விளங்கியது.

பெரிய அரசு ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நோயாளி பக்கத்திலேயே இருக்க வேண்டும். இன்னொருவர் ஓ.பி. (புறநோயாளி) சீட்டு, இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் தேதி, மருந்து வாங்கும் வரிசை என்று ஓட வேண்டும். வீட்டில் இரண்டு பேர் இல்லையென்றால் சபையில் கேளுங்கள். "எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க" என்பதோடு நிறுத்தாமல், "வியாழக்கிழமை காலையில் எங்ககூட யாராவது வர முடியுமா" என்று கேளுங்கள். நாள் குறித்துக் கேட்டால்தான் ஆள் வரும். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு அக்கா இருந்தார்கள். சத்தமாக ஜெபிக்கக்கூடத் தெரியாது. ஆனால் பதினொரு நாள் எனக்குப் பதிலாக வார்டில் ராத்திரி படுத்தார்கள்.

ஒரு ஃபைல், ஒரு நோட்டு

இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். நாங்கள் பட்ட அலைச்சலில் பாதி காகிதத்தால் வந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் அம்மாவின் பயாப்ஸி (கட்டியிலிருந்து சதை எடுத்துச் செய்யும் பரிசோதனை) ரிப்போர்ட் எங்கேயோ தவறிப்போய், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். எங்களிடம் நகல் இல்லை. மூன்று வாரம் போனது.

ஆகவே எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் அன்றைக்கே ஃபோனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். தேதி வரிசையில் ஃபைலில் அடுக்குங்கள், புதியது மேலே இருக்கட்டும். பயாப்ஸி செய்திருந்தால் ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தால் அந்தச் சதை மாதிரியை வைத்திருக்கும் ஸ்லைடும் (கண்ணாடித் தகடு) பிளாக்கும் (மெழுகுக் கட்டி) அங்கே கேட்பார்கள், எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். மருத்துவப் பதிவுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிமுறைகளில் இருக்கிறது. கும்பிட்டுக் கெஞ்ச வேண்டாம், எழுத்தில் கேளுங்கள்.

நோட்டில் மூன்று காரியம் எழுதுங்கள்: இப்போது சாப்பிடும் மருந்துகளும் அளவும், டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள், அவர் சொன்ன பதில். கேள்விகளை முந்தின நாள் ராத்திரியே எழுதி வையுங்கள். டாக்டர் முன்னால் கிடைப்பது இரண்டு மூன்று நிமிஷம், அந்தப் பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகும். நாங்கள் குடும்ப ஜெபத்தில் அந்த நோட்டையும் நடுவில் வைத்து, கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்து ஜெபித்தோம். "ஆண்டவரே, அம்மாவைத் தொடும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தைவிட, "நாளைக்கு ஸ்கேன் தேதி கிடைக்கணும், அந்த டெக்னீஷியனுக்கும் நல்ல சுகத்தைத் தாரும்" என்று ஜெபித்த காலத்தில் வீட்டில் பயம் குறைந்தது.

பணத்துக்கு வழி

கடன் வாங்குவதற்கு முன்னால் காப்பீட்டு அட்டையைப் பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். கட்டணமில்லாத எண் 1800 425 3993. அட்டை இல்லாமலே அட்மிட் ஆகிவிட்டீர்கள் என்றால், அந்த ஆஸ்பத்திரியிலேயே காப்பீட்டுப் பிரிவு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேளுங்கள்.

நம் குடும்பங்களில் பேர்க் குழப்பம் அதிகம். ஞானஸ்நானப் பேர் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பேர் ஒன்று, ரேஷன் கார்டில் யாரோ எழுதிக்கொண்ட பேர் ஒன்று. ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பேர் ஒத்துப்போகவில்லை என்றால் அப்ரூவல் கவுண்டரில் மாட்டிக்கொள்வீர்கள். வீட்டில் யாருக்கும் நோய் இல்லாத காலத்திலேயே இதைச் சரிபண்ணி வைப்பது நல்லது.

இந்தத் திட்டத்தில் எல்லா ஆஸ்பத்திரியும் இல்லை, எல்லாச் சிகிச்சையும் இல்லை. ஓ.பி.யில் ஆகும் செலவுகள் பெரும்பாலும் இதில் வராது. "இந்த ஆபரேஷனுக்கு இந்த ஆஸ்பத்திரியில் அட்டை செல்லுமா, அதற்குமேல் நாங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு" என்று இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள். சாலை விபத்து என்றால் கதை வேறு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில், அட்டையும் கேட்கமாட்டார்கள்.

கோயிலில் உதவி கேட்க வெட்கப்பட வேண்டாம். கத்தோலிக்கப் பங்குகளில் பல இடங்களில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது, ஏழை வீடுகளுக்குப் போய் உதவுவதே அவர்கள் வேலை. நம் சபைகளிலும் ஐயரிடம் (போதகரிடம்) தனியாகச் சொன்னால், மருத்துவ உதவிக்கென்று ஒதுக்கியிருக்கும் பணம் இருக்கிறதா என்று பார்ப்பார். கிடைத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு எழுதி, ரசீதோடு காட்டுங்கள். அடுத்து வரும் குடும்பத்துக்கும் அது கதவைத் திறந்து வைக்கும்.

பொருத்தனை பற்றி ஒரு வார்த்தை. "சுகம் கொடுத்தால் இவ்வளவு காணிக்கை போடுகிறேன்" என்று நேர்ந்துகொள்வது நம்மிடையே இருக்கிறது. மனப்பூர்வமாகச் செய்தால் அதில் குற்றம் சொல்ல நான் யார்? ஆனால் மருந்துக்கு வைத்த பணத்தைக் காணிக்கையாகப் போடாதீர்கள். அப்படிப் போடச் சொல்லும் ஊழியரிடமிருந்து விலகிவிடுங்கள்.

எங்கே போவது

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தாலுகா ஆஸ்பத்திரியிலோ தொடங்கி, அங்கிருந்து மேல் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கிப் போவது நல்லது. நேரே சென்னைக்கோ மதுரைக்கோ பஸ் ஏறினால், அங்கே போய் இறங்கிய பிறகு பழைய ரிப்போர்ட் எதுவும் இல்லாமல் நிற்பீர்கள். மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே இன்றைக்குப் பெரிய ஆபரேஷன்கள் நடக்கின்றன.

மிஷன் ஆஸ்பத்திரிகளுக்குப் போக நம்மவர்கள் விரும்புவது இயல்பு. வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி), ஒட்டன்சத்திரம் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை, 1838-இல் தொடங்கிய நெய்யூர் ஆஸ்பத்திரி என்று பெயர் பெற்ற இடங்கள் இருக்கின்றன. மிஷன் என்றால் இலவசம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள், கட்டணம் உண்டு. ஆனால் முடியாதவர்களுக்குச் சலுகை செய்ய வழியும் வைத்திருக்கிறார்கள். பில் போட்ட பிறகு அழாமல், சேரும்போதே சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள்.

வேலூர் ஆஸ்பத்திரி பிறந்த கதை இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஞாபகம் வரும். 1890-களில் திண்டிவனத்தில் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் தன் பெற்றோரோடு இருந்தார். ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மூவர் மனைவிமாருக்கும் பிரசவத்தில் சிக்கல். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. அவர் அப்பா மருத்துவர், ஆனால் ஆண் மருத்துவர் தங்கள் வீட்டுப் பெண்களைத் தொடக்கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900-இல் வேலூருக்குத் திரும்பி, ஒரே ஒரு படுக்கையோடு வேலையைத் தொடங்கினார். அன்றைக்கு அந்த மூன்று கணவர்கள் இருட்டில் ஓடிய ஓட்டம் அவர்கள் வீட்டுக்கு உதவவில்லை. உங்களுக்கும் எனக்கும் உதவுகிறது.

வரிசையில் நிற்கும்போது

உண்மையான போராட்டம் இங்கேதான். "நாளைக்கு வாங்க", "டாக்டர் லீவு", "பெட் இல்லை". காலை ஆறு மணிக்கு வந்து மத்தியானம் ஒரு மணிக்கு வெறுங்கையோடு திரும்புகிற நாள்களில் ஜெபம் வராது. வராவிட்டால் பரவாயில்லை. நீளமாக ஜெபிக்க முயற்சி பண்ணாதீர்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்ற 13-ஆம் சங்கீதத்து வார்த்தையே போதும். மூச்சை உள்ளே இழுக்கும்போது "கர்த்தாவே", விடும்போது "எதுவரைக்கும்". 88-ஆம் சங்கீதம் முழுக்க இருட்டுத்தான், கடைசி வரியில்கூட விடியவில்லை. அப்படிப்பட்ட புலம்பலையும் ஜெபமாக வேதத்தில் வைத்திருக்கிறார்கள். செபமாலை சொல்கிறவர்களுக்கு வரிசை நல்ல இடம், விரல் மணியில் ஓடினால் மனம் சற்று அடங்கும்.

பெரும்பாடுள்ள (இரத்தப்போக்கு நிற்காத) ஸ்திரீயை நினைத்துக்கொள்ளுங்கள். 12 வருஷம் வைத்தியர்கள் பலரிடம் பாடுபட்டு, கையில் இருந்ததையெல்லாம் செலவழித்து, இன்னும் மோசமாகித்தான் கூட்டத்துக்குள் வந்தாள். இயேசு அவளை வைத்தியரிடம் போனதற்காகக் கடிந்துகொள்ளவில்லை. "மகளே" என்றார்.

பொறுமையாக இருப்பதற்கும் வாய்மூடி இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. லூக்கா 18-இல் வரும் விதவை நியாயாதிபதி வீட்டுப் படியை விடாமல் மிதித்தாள். சோர்ந்துபோகாமல் ஜெபம்பண்ணுவதற்கு ஆண்டவர் சொன்ன உவமை அது. நியாயம் கேட்டு நடப்பதையே அவர் ஜெபத்துக்கு எடுத்துக்காட்டாகக் காட்டினார். ஆகவே முறையிடுங்கள். முதலில் வார்டு நர்ஸிடம், பிறகு அந்தப் பிரிவின் டாக்டரிடம், அதற்குமேல் நிலைய மருத்துவ அலுவலரிடம், பிறகு டீனிடம். குரலை உயர்த்த வேண்டாம், தேதியும் நடந்ததும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அரசின் சுகாதார உதவி எண்ணான 104-க்கும் அழைத்துச் சொல்லலாம். அங்கே வேலை செய்கிறவர்களும் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பேரைப் பார்த்துக் களைத்தவர்கள், பேசும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது வெறும் வேண்டுகோள் இல்லை, உரிமை. 1992-இல் மேற்கு வங்காளத்தில் ஒரு கூலித் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. 1996-இல் உச்ச நீதிமன்றம், அவசரச் சிகிச்சை தர மறுப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று தீர்ப்புச் சொன்னது. அவசர நிலையில் யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால், "இதை எழுத்தில் கொடுங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள்.

சபையிடம் என்ன கேட்பது, யாரிடம் காதைக் கொடுக்கக்கூடாது

யாக்கோபு நிருபம் வியாதிப்பட்டவன் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்கிறது. அழையுங்கள். கத்தோலிக்கர்கள் நோயில்பூசுதலைக் கடைசி நேரத்துக்கு என்று தள்ளிப்போட வேண்டியதில்லை, பெரிய ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஃபாதரைக் கேட்கலாம்.

அதோடு இன்னும் சில கேளுங்கள். ஆபரேஷனுக்கு இரத்தம் கொடுக்க வாலிபர் சங்கத்துப் பையன்கள் இரண்டு பேர். ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுவர ஒரு வீடு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர ஒருவர். பார்க்க வருகிறவர்களுக்கும் சொல்லி வையுங்கள்: பத்து நிமிஷம், சின்ன ஜெபம், போதும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள்.

"ஏதோ பாவம் இருக்கு, அறிக்கையிடு" என்று படுக்கைப் பக்கத்தில் நின்று சொல்கிறவரை மரியாதையாக வெளியே அழைத்துப் போங்கள். பிறவிக்குருடனைக் காட்டி இதையே சீஷர்கள் கேட்டபோது, இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்றார் இயேசு.

"மாத்திரையை நிறுத்து, அதுதான் விசுவாசம்" என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய கூட்டம் நடத்துகிறவராக இருந்தாலும், கேட்காதீர்கள். இன்சுலினை நிறுத்தினால் சில நாளில் உயிருக்கே ஆபத்து வரும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வரலாம். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால், அந்த மருந்துக்கே அடங்காத காசநோயாக மாறலாம். சுகம் கிடைத்துவிட்டது என்று உங்கள் உள்ளம் சொல்கிறதா? சந்தோஷம். டெஸ்ட் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். குஷ்டரோகியைச் சுகமாக்கிய இயேசுவே, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்றுதான் அனுப்பினார்.

சுகம் வராவிட்டால்

இதை எழுதாமல் விட்டால் பொய் சொன்னதுபோல் ஆகும். சிலருக்குச் சுகம் வருவதில்லை. பவுல் தன் சரீரத்தில் இருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டினார், முள் போகவில்லை. கெத்செமனேயில் நீங்கவேண்டும் என்று இயேசு கேட்ட பாடுகளின் பாத்திரமும் நீங்கவில்லை. ஜெபம் குறைந்ததால் இப்படி ஆனது என்று யாரும் உங்கள் தலையில் ஏற்ற விடாதீர்கள்.

"இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று டாக்டர் சொன்னால், நோயைக் குணப்படுத்த ஒன்றுமில்லை என்றுதான் அர்த்தம். வலிக்குச் செய்ய நிறைய இருக்கிறது. வலி நிவாரணமும் ஆதரவும் தரும் சிகிச்சைப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுத்து வையுங்கள். வலி மாத்திரை வேண்டாம், சிலுவையாகச் சுமக்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். அம்மாவும் சொன்னாள். "சிலுவை சுமக்க ஆண்டவருக்கே சிரேனே ஊர்க்காரன் ஒருத்தன் வேண்டியிருந்ததே அம்மா" என்று சொல்லி மாத்திரையைக் கையில் வைத்தேன். சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா நாலு வருஷம் எங்களோடு இருந்தாள். கடைசி மாதங்களில் அவளால் பாட முடியாது, நாங்கள் பாடுவோம், உதடு மட்டும் அசையும். அந்த ஃபைலும் நோட்டும் என்னிடமே இருந்தன. போன வருஷம் எங்கள் கோயிலில் ஒரு தம்பி, தன் மனைவிக்குக் கட்டி என்று சொல்லி, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றார். நோட்டை எடுத்துக் கொடுத்து, கேள்விகள் எழுதிய பக்கத்தைக் காட்டினேன். வியாழக்கிழமை காலை ஐந்தரை பஸ்ஸுக்கு அவர்களோடு நானும் ஏறினேன்.